முதல் இடம் அரண்மனைக்கு

புளியமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தைப் பெருக்கிச் சாணி தெளித்து, சின்னதாக ஒரு கோலமும் போட்டிருந்தார்கள். கோழி ஒன்று அதன்மேல் ஏறப் போக, யாரோ "சூ" என்று விரட்டினார்கள்.

காலை வேளை. பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனையும், பெட்டிகளுக்கு வைத்த அரக்கு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. நான் மேஜைக்குப் பின்னால் ஓட்டுச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. ஒருத்தி உள்ளே வர வேண்டுமே!

அந்தக் காலியிடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். போன வாரம் எங்கள் வீட்டுக்குத் தையல் மிஷின் வந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். "சரித்திரம் நடத்தின டீச்சர்தானே நீங்கள், சரித்திரத்தை மட்டும் எழுத மாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்டிருந்தார். சரி அம்மா, இந்தாருங்கள் சரித்திரம்.

மேஜைக்கு ஒரு பெண்பிள்ளை

அப்போது மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நீளம். நான் எட்டாம் வகுப்பில் அதட்டினால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சிலேட்டை மூடி வைக்கின்றன என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேலி செய்வார். அந்தக் குரலுக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மாகாணச் சட்டசபைக்குப் பெரிய தேர்தல் வந்தது. அதற்கு முன்னும் தேர்தல் உண்டு. ஆனால் இத்தனை பெண்களுக்கு ஓட்டு வந்தது அப்போதுதான். எல்லாப் பெண்களுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டா இருக்க வேண்டும், அல்லது வரி கட்டுகிற புருஷன் இருக்க வேண்டும், அல்லது எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

பெண்களுக்குத் தனிச் சாவடி என்றார்கள். அங்கே மேஜையில் ஆண் இருந்தால் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பெண் குமாஸ்தாவுக்கு எங்கே போவது? டீச்சர்களைப் பிடித்தார்கள். எனக்கு விழுந்தது வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ஜமீன் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் மதுரையில் இருக்கிறார்கள், கௌரவமாக உத்தியோகம் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு மனசே இல்லை. கோர்ட்டில் நகல் எடுக்கிற குமாஸ்தா அவர். ஜமீன் வழக்குகளை எழுதி எழுதி விரல் கோணிப் போனவர்.

"அரண்மனை ஊரும்மா அது. ஒன் வாய வச்சுக்கிட்டு எப்படிப் போயிட்டு வருவ?"

"வாயக் கட்டிக்கிட்டுப் போறேன்ப்பா."

"நீயா!" என்றார்.

வகுப்பில் நடத்திய ராஜா

அந்த வருஷம் நான் நடத்திக்கொண்டிருந்தது இங்கிலாந்து சரித்திரம். நம் குழந்தைகளுக்கு அதுதானே பாடம்! என் வாக்கே சட்டம் என்றான் ராஜா. வரி வேண்டுமானால் எங்களைக் கேள் என்றது பார்லிமெண்ட். சண்டை மூண்டது. கடைசியில் ராஜாவின் தலை போயிற்று. நான் மேஜையைத் தட்டித் தட்டி நடத்துவேன்.

ஒரு நாள் பின்பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். வக்கீல் வீட்டுப் பெண், துடுக்கு.

"டீச்சர், ராஜா முன்னாடி மொத மொத எந்திரிச்சுப் பேசுனவரு, அன்னைக்கு வீட்டுக்குப் போயிப் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பாரு?"

வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்கு அது வராது, உட்கார்" என்றேன். அந்தக் கேள்வியில் எத்தனை விஷயம் இருந்தது என்று புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"குளிச்சுக்கிட்டு இருக்காக"

ஜமீன்தாரே தேர்தலில் நின்றார். அவருக்குப் பச்சைப் பெட்டி. எதிர்த்து நின்றவர் கதர் கட்டிய ஒரு வக்கீல். அவருக்கு மஞ்சள் பெட்டி. ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி, இரண்டும் திரைக்குப் பின்னால் இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட வேண்டியதுதான். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

ஆண்கள் சாவடி பக்கத்து அறை. அங்கே ஜமீன்தார் காலையிலேயே வந்து முதல் ஓட்டைப் போட்டுவிட்டார். அவர் போட்ட பிறகு ஆண்கள் மளமளவென்று போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருத்தியும் அசையவில்லை.

"முதல்ல யாரும்மா? வாங்க" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன்.

வரிசையில் இரண்டாவதாக, அதாவது கோலத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள்தான் பதில் சொன்னாள். பேச்சியம்மாள் என்று பெயர். புருஷன் இல்லை, சொந்தப் பட்டாவில் தானே ஏர் பூட்டி விவசாயம் பார்க்கிறவள்.

"மொத எடம் அரண்மனைக்கு, டீச்சரம்மா. பெரிய நாச்சியார் வந்து போட்டதும் நாங்க வாரோம்."

பெரிய நாச்சியார் என்றால் ஜமீன்தாரின் மனைவி. என்னிடமிருந்த வாக்காளர் பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான். மூச்சு வாங்கிப் படிக்க வேண்டிய நீளம். சாவடிக்கு நேர் எதிரே அரண்மனை. மாடியில் மரச்சட்டம் போட்ட ஜன்னல். அங்கிருந்து இங்கே நடந்து வர ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது.

சரி, ராணி வருகிறாள் என்று நானும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அரண்மனைக் காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றார். அவரைக் கேட்டேன்.

"நாச்சியார் குளிச்சுக்கிட்டு இருக்காக" என்றார்.

வெயில் ஏறியது. மறுபடி கேட்டேன். "பூசையில இருக்காக."

வெயில் இன்னும் ஏறியது. "பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காக."

உச்சிப் பொழுது ஆகிவிட்டது. பெண்கள் கொண்டுவந்த கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டார்கள். கைக்குழந்தைகள் தூங்கி எழுந்து அழுதன. மறுபடி கேட்டபோது காரியஸ்தர் குடைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "எனக்கு என்னம்மா தெரியும்? வந்தாலும் வருவாக. இவுகள யாரு தடுத்தா? போயிப் போடட்டுமே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாச்சியார் வரப் போவதே இல்லை. பெண்கள் ஓட்டு மஞ்சள் பெட்டிக்குப் போய்விடும் என்று ஜமீன்தாருக்குப் பயம். அவரை அனுப்பாமல் இருந்தாலே போதும், ஊர்ப் பெண்களில் ஒருத்தியும் ஓட்டுப் போட மாட்டாள். தடி எடுக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம். இப்படியும் ஒரு மனுஷனுக்கு மூளை ஓடுமா! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

யாருக்கு முதல் பரிவட்டம்

இந்த இடத்தில் அப்பாவின் கோர்ட்டுக் கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

அழகர்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டுவது என்று இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு. வழக்கு நடந்தது, நடந்தது, அப்படி நடந்தது. வாதியும் செத்து பிரதிவாதியும் செத்து, பிள்ளைகள் நடத்தினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஒரு முழத் துணிம்மா, தலையில கட்டி அவுத்தா ஒரு நிமிஷம், அதுக்கு இம்புட்டுக் காயிதம்" என்று அலுத்துக்கொள்வார். அம்மா மோரை நீட்டிக்கொண்டே, "நம்ம கல்யாணத்துல மொதப் பந்தியில ஒங்க அண்ணன உக்கார வைக்கலேன்னு நீங்க மட்டும் என்ன செஞ்சீக?" என்பார். அப்பா மோரைக் குடித்துவிட்டு விசிறியைத் தேடுவார்.

நானும் சிரித்திருக்கிறேன். முதல் மரியாதை என்றால் கோயிலில் கிடைக்கிற துணி, தேங்காய்மூடி என்றுதான் எண்ணியிருந்தேன். அது ஒரு தேர்தல் சாவடியின் வாசலில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

பேச்சியம்மாள் சொன்ன நியாயம்

கோபத்தோடு வெளியே வந்தேன்.

"எம்புட்டு நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பீங்க? இது கோயில் இல்லை, சர்க்கார் தேர்தல். யார் முதல்ல வந்தாலும் முதல்ல போடலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

பேச்சியம்மாள் எழுந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குப் பயப்படவில்லை. என்மேல் இரக்கப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"டீச்சரம்மா, ஒங்க சட்டம் இன்னைக்குப் பொழுது சாய பெட்டியத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போயிரும். நாங்க இங்கனதான கெடக்கணும்? கம்மாய் மடையத் தொறந்தா மொதத் தண்ணி அரண்மனை வயலுக்கு. கதிர் அறுத்தா மொதக் கட்டு அரண்மனைக்கு. அந்த மொதத் தண்ணி பாஞ்சு முடியிறதுக்குள்ள, போன வருசம் என் நெல்லு நாக்குத் தொங்கிக் காஞ்சு போச்சு. அதுக்காகத்தான் இன்னைக்கு விடியக்காலையிலேயே கெளம்பி வந்து ஒக்காந்திருக்கேன். எந்தப் பெட்டின்னு கேக்காதீக, சொல்ல மாட்டேன். ஆனா போட்டே தீரணும்."

"அப்போ உள்ளே வாயேன்!"

"எப்படி வருவேன்? அரண்மனைக்கு முந்திக் காலெடுத்து வச்சவன்னு பேரு வந்துச்சுன்னா, நாளைக்கு என் வயலுக்கு மடை தொறக்கிறவன் தொறக்க மாட்டான், கதிர் அறுக்கிறவன் வர மாட்டான். அரண்மனை ஒண்ணுமே சொல்ல வேணாம். ஊரே பாத்துக்கும்." எதிரே அரண்மனையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆளு வராட்டி அவுக வெத்தலப் பெட்டியாச்சும் வந்திருக்கணும். திருவிழாவுக்கு அப்படித்தான், ஒடம்புக்கு முடியலைன்னா பெட்டிய அனுப்புவாக. பெட்டிக்கு மரியாத செஞ்சுட்டு நாங்க சாமி தூக்குவோம். அதையும் அனுப்பல" என்றாள்.

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை என்ன சொல்வது? ராஜா முன்னால் முதலில் எழுந்து பேசினவர் வீட்டுக்குத்தான் போனார். இவர்கள் வயலுக்குப் போக வேண்டும்.

பக்கத்து அறையிலிருந்து தலைமை அதிகாரி சபாபதி சார் எட்டிப் பார்த்தார். தாலுகா ஆபீஸ் ஹெட் குமாஸ்தா, சாது. "நமக்கு எதுக்கும்மா வம்பு? வந்தா குடுப்போம், வரலேன்னா மூடிட்டுப் போவோம்" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் குரல்

அரண்மனையைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. பெண்களைப் பார்த்துத்தான் பேசினேன். குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது என் கையில் இல்லையே!

"நல்லாக் கேட்டுக்குங்க! அஞ்சு மணி அடிச்சதும் கதவை மூடி அரக்கு வச்சிருவேன். அதுக்கப்புறம் மகாராணியே வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன். ஒருத்தர் வரலேங்கிறதுக்காக இம்புட்டுப் பேரு வாயில மண்ணா? வர முடியலேன்னா வெத்தலப் பெட்டி எங்கே போச்சு?"

மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. காரியஸ்தர் குடையைச் சாய்த்து என்னை முறைத்தார். சபாபதி சார் அறைக்குள் மறைந்துவிட்டார்.

மாடி ஜன்னலில் மரச்சட்டம் ஒன்று மெல்லத் திரும்பியது. உள்ளே யார் என்று தெரியவில்லை. வளையல் சத்தம் கேட்டதோ, கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ, அதுவும் நிச்சயமில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். வேலை போகும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் யோசனை ஓடியது.

வெயில் சாய ஆரம்பித்தபோது வெளியே ஒரு சலசலப்பு. எழுந்து வாசலுக்கு ஓடினேன். அரண்மனைப் பக்கவாசலிலிருந்து வயதான வேலைக்காரி ஒருத்தி தனியாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஒரு தாம்பாளம். அதன்மேல் சிவப்புப் பட்டு போர்த்தியிருந்தது.

காரியஸ்தர் குறுக்கே போனார். "ஏய், யாரு உத்தரவு இது?"

அவள் நிற்கக்கூட இல்லை. "பெட்டி வருது. கொடைய மடக்குங்க" என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாய் திறந்தது, மூடியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி வந்தால் குடை மடக்க வேண்டும், அதுவும் அந்த ஊர் முறைதான். குடையை மடக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வேலைக்காரி கோலத்தின்மேல் வந்து நின்று பட்டை விலக்கினாள். வெள்ளி வெற்றிலைப் பெட்டி. மூடியில் ஒரு மயில். சாய்ந்த வெயில் பட்டுக் கண் கூசியது. நான் திரும்பி ஓடி நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டியைச் சாவடிக்குள் கொண்டுவந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

சபாபதி சார் ஓடிவந்து என் காதருகே, "இது ரூல்ஸில் இல்லையேம்மா" என்றார்.

"எழுந்து நிக்கக் கூடாதுன்னும் இல்லையே சார்" என்றேன். எழுந்து நின்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். சர்க்கார் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வெற்றிலைப் பெட்டியைக் கும்பிட்ட சரித்திர டீச்சர் இந்த மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ஆச்சு" என்றாள் வேலைக்காரி, வாசலைப் பார்த்து.

பேச்சியம்மாள் உள்ளே வந்தாள்.

திரைக்குப் பின்னால்

சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனவளைக் காணோம். பிறகு குரல் வந்தது.

"டீச்சரம்மா, இங்கன யாரும் பாக்கலைல்ல?"

"யாரும் பார்க்கலை."

"நெசமாவா?"

"நிஜமா. நானே பார்க்க முடியாது."

பிறகு சீட்டு விழுகிற சத்தம். வெளியே வந்தவள் முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சிரிக்கவில்லை. வாயை அழுத்தி மூடிக்கொண்டு, கண் மட்டும் பளபளக்க, விறுவிறுவென்று போய்விட்டாள்.

அப்புறம் எனக்கு நிமிர நேரமில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போய் ஓட்டுப் போட்டவளும் உண்டு.

வேலைக்காரி தாம்பாளத்தோடு சுவரோரம் நின்றிருந்தாள். நடுவில் அவளிடம், "நாச்சியார் வரலியா? அவங்க பேரு அப்படியே இருக்கே" என்று கேட்டேன்.

"பெட்டி வந்துருச்சுல்லம்மா."

"பெட்டிக்கு மரியாதை செய்யலாம். ஓட்டுக் கொடுக்க முடியாதே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவுகளுக்கு வாசலத் தாண்ட உத்தரவு இல்ல. பெட்டிய அனுப்பவும் உத்தரவு இல்லதான். அது கைக்குள்ள இருந்துச்சு, அனுப்பிட்டாக."

ஐந்து மணி வரை அந்தப் பக்கவாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. பட்டியலில் முதல் பெயர் கோடு விழாமல் நின்றது. பெட்டிகளுக்கு அரக்கு வைத்தேன். அத்தனை பேருக்கும் வழி திறந்துவிட்டவளுக்கு வழி இல்லை.

ஜமீன்தார் தோற்றார். என்மேல் ஒரு புகார் போயிற்று. எழுந்து நின்றது குற்றமா என்று மேலே இருந்தவர்களுக்கே தெரியாததால் அது அப்படியே கிடந்து மட்கிப் போயிற்று.

மறு வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பேச்சியம்மாள் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஒரு முறம் மொச்சைக்காயோடு. மடைத் தண்ணீருக்கு முறை வைத்துவிட்டார்களாம். நாச்சியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"மகாராசா அந்தப் பெட்டியப் பிடுங்கிப் பூட்டிட்டாராம். அவுக அன்னையிலருந்து வெத்தலயே தொடுறதில்லையாம்" என்றாள்.

கடைசி ஆள் யாரு?

யுத்தம் வந்தது, அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மதுரை ஜனங்கள் வரிசையில் நிற்கப் பழகிவிட்டார்கள். யுத்தம் முடிந்து மறுபடி தேர்தல். இந்தத் தடவை எனக்கு வடக்கு மாசி வீதிப் பக்கத்திலேயே சாவடி. வரிசை தெருவரைக்கும் நீண்டு, பூக்காரி கூடையிலிருந்து மல்லிகை வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது. "கடைசி ஆளு யாரும்மா?"

"நான்தான். எனக்குப் பெறகு நில்லு ஆத்தா, வெயில்ல தள்ளி நிக்காத" என்றாள் பூக்காரி.

நான் கவனிக்கவில்லை. எல்லாரும் கேட்பதுதானே.

வெகுநேரம் கழித்துப் பூக்காரி போட்டுவிட்டுப் போனாள். அடுத்து வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் மேஜைக்கு முன் வந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. கூட யாரும் இல்லை. முகம் எனக்குத் தெரியாது.

"பேரு?" என்றேன் தலை நிமிராமல்.

சொன்னார். மூச்சு வாங்கிப் படிக்க வேண்டிய நீளம்.

என் பேனா நின்றுவிட்டது. ஜமீன்தார் காலமாகி, நாச்சியார் பிள்ளையோடு மதுரையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார் என்று காதில் விழுந்திருந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அவரும் என்னைக் கண்டுகொண்டார். முகத்தை அல்ல என்று நினைக்கிறேன், "பேரு?" என்று கேட்ட குரலை.

"ஒக்காருங்க டீச்சர்" என்றார். "எனக்குப் பின்னால ஆளுக நிக்கிறாக."

சீட்டைக் கொடுத்தேன். திரைக்குள் போனார். நேரம் ஆயிற்று. "உள்ள என்னத்தா, பாய் விரிச்சுப் படுத்துட்டாகளா?" என்று வெளியே ஒருத்தி கத்தினாள். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து அதட்டியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பெயர்மேல் பேனாவை வைத்தேன். கண்ணில் நீர் நின்றால் பட்டியலில் கோடு எப்படிப் போடுவது?

சீட்டு விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் வெறும் கையை ஒரு தடவை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா டீச்சர்?"

"இம்புட்டுத்தாம்மா."

சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டே, கூட்டத்தில் வழி கேட்டு வழி கேட்டு வெளியே போனார்.